ஒன்றரை வயது ஊசி

நர்ஸ் போன் செய்தபோது நான் கடையில் ஒரு அம்மாவுக்கு நைட்டி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறவர் அவர். என் இரண்டு பிள்ளைகளையும் பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும்.

"பையனுக்கு ஒன்றரை வயசு ஊசி வந்துடுச்சும்மா. புதன்கிழமை தூக்கிட்டு வந்துடு."

"சரிங்க சிஸ்டர்" என்றேன்.

அந்தப் புதன்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த புதன்கிழமையும் போகவில்லை. மறந்துபோயிருந்தால் பரவாயில்லை. மற்ற எல்லாம் மறந்து அது ஒன்றுதான் நினைவில் இருந்தது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போதுகூட அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் என் மகள். அவளுக்கும் இதே வயதில் இதே ஊசிதான் போட்டோம். போட்ட அன்று தொடை வீங்கி அழுதாள், ராத்திரி உடம்பு சுட்டது. மறுநாள் மதியம் தூக்கத்திலிருந்து எழுந்தவள் என் மடியில் இருந்தபடியே விறைத்துப் போனாள். கண்கள் மேலே செருகிக்கொண்டன. கை கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலமாகிவிட்டது. பிள்ளை போய்விட்டது என்றே நினைத்துக் கத்தினேன்.

அன்று என் நாத்தனார் வீட்டில் இருந்தார். என் கணவருக்கு அக்கா. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். வியாபாரம் முடிந்து, விற்காமல் நின்ற சங்கராவை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். என் கணவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மாமியார் தவறிப்போனதால் அவரைத் தூக்கி வளர்த்தவர் இந்த அக்காதான். எதற்கெடுத்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறவர் அன்று சத்தமே போடவில்லை. பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினார். "நிக்கும், நிக்கும், கத்தாத" என்று மட்டும் சொன்னார். ஆட்டோவில் ஏறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்கு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இறங்கும்போது தண்ணீர் கேட்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, இது காய்ச்சலால் வருகிற வலிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் கேட்டேன்: "ஊசியாலயா டாக்டர்?" அவர், "காய்ச்சலால" என்றார். "காய்ச்சல் ஊசியால தான வந்துச்சு?" என்றேன். அவர் அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னார்: "அந்த ஊசிதான். வேற ஒண்ணும் இல்ல." சேதராப்பட்டில் கம்பெனி வேலையிலிருந்து பதறியடித்துக்கொண்டு வந்த என் கணவரிடமும் அதையே சொன்னார். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், மார்க்கெட்டில் பக்கத்துக் கூடைக்காரிகள் என்று எல்லோரிடமும் அதையே சொன்னார். நானும் அதையே நம்பினேன். கண்ணால் பார்த்தேனே.

மகளுக்கு அதற்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. இப்போது பள்ளிக்குப் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். பிறகு மகன் பிறந்தான். அவனுக்கு ஒவ்வொரு ஊசியும் போட்டுவிட்டு நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் மகளுக்கும் ஒன்றும் செய்யாத ஊசிகள் என்ற தைரியம் இருந்தது. ஒன்றரை வயது ஊசிக்கு அந்தத் தைரியம் இல்லை.

கணவரிடம் கேட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர் போன் பண்ணாங்க. என்னங்க செய்றது?"

"நீயே பாத்து செய்யி."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வேணாம்னா விடு. போடணும்னா போடு. நான் என்னத்த சொல்றது?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான போட்டன்னு சொல்வீங்க. போடாம ஏதாவது ஆச்சுன்னா நீதான விட்டன்னு சொல்வீங்க."

"நான் எப்ப அப்டி சொன்னேன்?"

சொன்னதில்லைதான். ஆனால் அவர் எந்தப் பக்கமும் நிற்காததே எனக்கு அப்படித்தான் கேட்டது.

கடையில் என்னோடு வேலை செய்யும் பெண், "எங்க பையனுக்கு ஆறு மாசத்துக்கு மேல ஒண்ணுமே போடலக்கா. ஜம்முனு ஓடுறான்" என்றாள். கீழ்வீட்டு அம்மாவோ நேர் எதிராகச் சொன்னார். அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். நான் வேலைக்குப் போனால் பையனைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய மகன் குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறான். "அங்க எல்லா வாக்சேனும் போட்டாத்தான்மா எக்கோல்ல சேர்ப்பான். போடலன்னா பள்ளிக்கூடத்து வாசப்படிய மிதிக்க வுட மாட்டான்" என்றார். இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அந்தப் பையன் ஓடுவதையும் நான் பார்த்திருக்கிறேன், இந்த அம்மாவின் பேத்தி போனில் சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன முடிவு செய்வது?

மூன்றாவது வாரம் நர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்து மாடி ஏறி மூச்சு வாங்கினார். மோர் கொடுத்தேன்.

"இன்னாம்மா, வரவே இல்ல?"

"பயமா இருக்குது சிஸ்டர். பாப்பாவுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும்ல."

"தெரியும். காய்ச்சல் வந்தா மருந்து குடுக்கப் போறோம். எவ்ளோ பிள்ளைங்களுக்குப் போடுறேன்?"

"வலிப்பு வந்தா?"

"வராதும்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வராதுன்னு நான் எழுதியா குடுக்க முடியும்? டாக்டரை ஒரு தடவ பாத்துட்டு வா. ஆனா அப்டியே வுட்டுடாத" என்றார்.

அவர் அப்படி உண்மையாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. அதே நேரம் அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது. வராது, வராது என்று அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை அன்றே போயிருப்பேன். இல்லை, அப்போதும் சந்தேகப்பட்டிருப்பேனோ என்னவோ.

டாக்டரிடம் போகலாம் என்று இருந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மகள் பள்ளியிலிருந்து சளி கொண்டுவந்தாள். அவளிடமிருந்து தம்பிக்கு ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மூக்கொழுகிக்கொண்டு லேசாகச் சுட்டான். விளையாடிக்கொண்டுதான் இருந்தான். நாத்தனார் வந்திருந்தார், பின்பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, தம்பி தூங்கிட்டே ஆடுறான்" என்றாள் மகள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாயில் விறைத்துக் கிடந்தான். அதே மேலே செருகிய கண். அதே இழுப்பு. அதே நீல உதடு.

என் கணவர் இதை முன்பு பார்த்ததில்லை. மகளுக்கு வந்தபோது அவர் கம்பெனியில் இருந்தார். துண்டைக் கையில் பிடித்தபடி நின்றவர் நின்றவர்தான். நாத்தனார் மீன் கையோடு ஓடிவந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்டியே உன்ன மாரியேடா இவனும்" என்றார், என் கணவரைப் பார்த்து.

அந்த நேரத்தில் அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. ஆட்டோ, பாலம், ஆஸ்பத்திரி. இந்த முறையும் வழியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் பார்த்தார், அதே காய்ச்சல் வலிப்பு என்றார், சாயங்காலம் வரை வைத்திருந்து பார்க்கலாம் என்றார். பையன் அசந்து தூங்கினான். மகளைக் கீழ்வீட்டு அம்மாவிடம் விட்டிருந்தோம். வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோதுதான் என் கணவர் கேட்டார்.

"அக்கா, உன்ன மாரியேன்னு சொன்னியே, இன்னாது?"

நாத்தனார் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"இன்னாக்கா?"

"உனக்கும் வரும்டா. காய்ச்சல் அடிச்சா வரும். பள்ளிக்கூடம் சேக்குற வரைக்கும் வந்துச்சு. நாந்தான் தோள்ல போட்டுகிட்டு ஓடுவேன். அப்புறம் தானா நின்னு போச்சு."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"எனக்குத் தெரியாதே."

"நான் சொன்னாத்தான தெரியும்?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "பாப்பாவுக்கு வந்தப்போ ஊசிதான்னு சொன்னீங்களே அண்ணி."

"ஊசின்னா ஊசியோட போச்சும்மா" என்றார், என்னைப் பார்க்காமல். "எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு வலிப்பு வரும்னு வெளிய தெரிஞ்சா? இவனுக்குப் பொண்ணு பாக்குறப்போ இத வாயத் தொறந்தா உங்க அப்பா குடுத்திருப்பாரா? நாளைக்குப் பாப்பாவுக்கு ஒரு நல்ல இடம் வரணும்னா இதெல்லாம் பேசலாமா?"

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஊசி போட்ட மறுநாள் தான வந்துச்சு. அதனாலயும் இருக்கலாம்ல" என்றார். அவர் முழுப் பொய் சொன்னதாகவும் அவருக்குத் தோன்றவில்லை போல.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. மறைத்த நாத்தனார் மேலா? தன் உடம்பைப் பற்றியே எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்த கணவர் மேலா? அன்று "காய்ச்சலால" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போன டாக்டர் மேலா? இத்தனை நாள் நான் ஊசி மேல் பழி போட்டிருந்தேன். இந்த முறை ஊசியே இல்லை. வெறும் சளிக்காய்ச்சல். அப்படியென்றால் ஊசி நல்லது என்று ஆகிவிட்டதா? மனசு லேசாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை.

காரணத்தை இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே விளங்கச் சொல்லிக்கொள்ள முடிந்தது. முன்பு, ஊசி போட்டால் இவனுக்கும் வருமோ என்பது சந்தேகம். இப்போது இவனுக்குக் காய்ச்சல் அடித்தால் வரும் என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஊசி போட்டால் காய்ச்சல் அடிக்கும். அப்படியானால் தெரிந்தே நாமாகக் கொண்டுபோய் வரவழைப்பது போலத்தானே?

இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் முதல்முறையாக ஒரு பக்கம் நின்றார்.

"போட்டுடலாம்" என்றார். "ஊசியால இல்லன்னு தெரிஞ்சு போச்சுல்ல. இனிமே எதுக்குப் பயப்படணும்?"

"இப்பத்தான் பயமே. அவன் கெடந்தத பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். எனக்கும் வந்திருக்குதாம். நான் நல்லாத்தான இருக்கேன்?"

"அன்னிக்கு என்னவோ உன் இஷ்டம்னீங்க?"

"அன்னிக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரியுது."

போன வாரம் வரை போடலாமோ என்று இழுத்துக்கொண்டிருந்தவள் நான். வேண்டாமென்றால் விடு என்றவர் அவர். ஒரு வலிப்பு இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டது. ஒரே விஷயத்தைத்தான் இருவரும் பார்த்தோம், எதிரெதிராகப் புரிந்துகொண்டோம். சோறு போடும்போது சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

பையனுக்கு உடம்பு தேறியதும் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். இவர் வேறு டாக்டர், வயதான அம்மா, பொறுமையாகக் கேட்டார். என் கணவர் தயங்கித் தயங்கித் தனக்குச் சின்ன வயதில் வந்ததைச் சொன்னார்.

"அப்படிச் சொல்லுங்க. இது சில குடும்பங்கள்ல வரும். மூத்த பாப்பாவுக்கு வந்தப்பவே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"எனக்கே போன வாரம்தான் தெரியும் டாக்டர்" என்றார் இவர்.

நான் கேட்டேன்: "அப்போ பாப்பாவுக்கு வந்தது ஊசியாலயா, இவங்க குடும்பத்தாலயா?"

"காய்ச்சல் வந்தா வலிப்பு வர்ற உடம்பு அவளுக்கு. அந்தத் தடவை காய்ச்சலை ஊசி கொண்டுவந்திருக்கலாம். இல்ல, அன்னிக்கே வேற சளி கிளி இருந்திருக்கலாம். இப்போ இத்தனை வருஷம் கழிச்சு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

"இவனுக்குப் போட்டா வருமா?"

"காய்ச்சல் வரலாம். வலிப்பும் வரலாம், வராமலும் போகலாம். மருந்து காய்ச்சலைக் குறைக்கும், ஆனா வலிப்பே வராதுன்னு நான் உறுதி குடுக்க மாட்டேன். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் வைக்காதீங்க, கையில சாவியெல்லாம் திணிக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரி. ஆனா போடாம விட்டா தட்டம்மை வரலாம், கக்குவான் இருமல் வரலாம். அம்மை போட்டா அடிக்கிற காய்ச்சல் ஊசிக் காய்ச்சல் மாதிரி ஒரு நாள்ல போகாது. இவன் உடம்புக்கு அது நல்லதா?"

அவர் சொன்ன ஒவ்வொன்றும் புரிந்தது. எல்லாம் சேர்ந்து ஒன்றாகப் புரியவில்லை.

"இன்னொண்ணு" என்றார். "இதுல ரெண்டு ஊசி. ஒண்ணுக்கு அன்னிக்கோ மறுநாளோ காய்ச்சல் வரும். அம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வரலாம். ரெண்டு தடவையும் கவனமா இருங்க."

ஒரு பயத்துக்கே வழியில்லாமல் நிற்கிறவளுக்கு இரண்டாவதையும் சேர்த்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மதியம் நாத்தனாரிடமே கேட்டேன். ஆஸ்பத்திரியில் பேசியதிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். கூடையில் கொஞ்சம் நெத்திலி மிச்சமிருந்தது, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க அண்ணி? போடலாமா?"

"என்னையா கேக்குற?" என்றார். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"உங்களத்தான். நீங்கதான ரெண்டு தலமொறைக்கும் பாத்தவங்க."

தராசைத் தூக்கி ஓரமாக வைத்தார். "என் தம்பி இழுத்துகிட்டுக் கெடப்பான், நான் அழுவேன், நிக்கும், எழுந்து சோறு கேப்பான். அதோட சரி. ஆனா எங்க தெருவுல ஒரு பிள்ள, அப்ப அவன் வயசுதான், கக்குவான் வந்து இருமி இருமியே போச்சு. ஒரு இருமலுக்கும் இன்னொரு இருமலுக்கும் நடுவுல மூச்ச இழுக்கும் பாரு, அந்தச் சத்தம். எனக்கு அது ரொம்ப நாள் காதுலயே கெடந்துச்சு." நெத்திலியை அள்ளிப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "நான் படிச்சவ இல்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்."

அதைக் கேட்டு எனக்குத் தெளிவு வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பஸ்ஸில் வரும்போதும் போடலாம், வேண்டாம் என்று மாறி மாறி ஓடியது. ஆனால் தெளிவு வந்த பிறகுதான் போவேன் என்று உட்கார்ந்திருந்தால் இவன் மீசை முளைத்து நிற்பான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து கணவரிடம், "புதன்கிழமை லீவு போடுங்க. மறுநாளும் போடுங்க. நான் தனியாப் போக மாட்டேன்" என்றேன்.

போனோம். நர்ஸ் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. பையன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலமே உடம்பு சுட ஆரம்பித்தது. மருந்து கொடுத்தோம், சட்டையைக் கழற்றிவிட்டுக் காற்றாட வைத்தோம். என் கணவர் நிமிஷத்துக்கு நிமிஷம் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்ததில் பையன் அதைப் பிடுங்கி எறிந்தான். நாத்தனார் வந்து கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. தூக்கத்தில் அவன் ஒரு கையை உதறினால்கூட மூன்று பேரும் சேர்ந்து குனிந்தோம். மறுநாள் மத்தியானம் வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கியது. ஒன்றும் வரவில்லை.

பிறகு இரண்டாவது காய்ச்சலுக்குக் காத்திருந்தோம். அது வந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அடுத்த வாரக் கடைசியில் உடம்பு லேசாகக் கதகதவென்று இருந்தது, முதுகில் நாலைந்து சிவப்புப் பொரி. முந்தின நாள் மழையிலும் ஆடியிருந்தான், கொசுவும் கடித்திருந்தது. நர்ஸுக்கு போன் செய்து கேட்டேன். "ஊசியா இருக்கலாம், மழையா இருக்கலாம், பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டோம். இரண்டு நாளில் மறைந்தது.

மகளுக்கு அன்று வந்தது எதனால் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மகனுக்கு ஊசி போட்டபோது ஏன் வரவில்லை என்றும் தெரியாது. தைரியமா, குருட்டு அதிர்ஷ்டமா என்று என் கணவரிடம் ஒருநாள் கேட்டேன். "ரெண்டும் இல்ல, லீவு" என்றார். இரண்டு நாள் சம்பளம் பிடித்திருந்தார்கள்.

மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. அவளுக்கும் ஒரு ஊசி இருக்கிறதாம்.